இரண்டேகால் அடி

கல்லூரியின் பொன்விழா மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். இப்போதிருக்கும் பிசிக்கல் டைரக்டர் நல்ல பிள்ளை. வீடு தேடி வந்து, "அந்த முதல் ரவுண்டு மேட்ச் பத்தி எழுதுங்க சார். மெட்ராஸ் சாம்பியன் டீமை நாம ஜெயிச்ச மேட்ச்" என்று கேட்டார். அன்றைக்கு கிரவுண்டில் வேலை பார்த்தவர்களில் நான் ஒருவன்தான் பாக்கி. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுதுகிறேன், அடிக்கிறேன், எழுந்து தெருவுக்குப் போய்விட்டு வருகிறேன். "இன்னா, வயித்து வலியா?" என்று என் மனைவி கேட்டேவிட்டாள்.

வயிற்று வலி இல்லை. அந்த மேட்சைப் பற்றி எழுதினால் இன்னொரு விஷயத்தையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதுவதாக இருந்தால் என்னைக் கேட்கத் தேவையில்லை, பழைய போட்டோவைப் போட்டு கீழே இரண்டு வரி எழுதிக்கொள்ளலாம். எனவே முழுதாக எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் அந்தக் கல்லூரியில் மார்க்கராக இருந்தவன். மார்க்கர் என்றால் பேப்பர் திருத்துகிறவன் என்று என் சம்பந்தி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவனுக்குத்தான் அந்தப் பெயர். வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, புல் வெட்டுவது எல்லாம் அவன் தலையில்தான் விழும். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் மூன்று தறி ஓடியது. எனக்குத் தறிக்குழியில் கால் விட்டு அரை மணி நேரம் உட்கார வராது. "உன் பின்னாடி முள்ளு கீதா?" என்று அப்பா கேட்பார். கடைசியில் அவரே வெறுத்துப்போய், உத்திரமேரூர்ப் பக்கம் புதிதாகத் தொடங்கிய கல்லூரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அனுப்பிவைத்தார். எழுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். வேலை நிரந்தரமாக ஆறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

என்னை வேலைக்கு எடுத்தவர் பிசிக்கல் டைரக்டர் தேவசகாயம் சார். வாலாஜாபாத்காரர், நெட்டையான ஆள், பட்டாளத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். செங்கல்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கே மேட்ச் நடந்தாலும் ரெஃப்ரியாகக் கூப்பிடுவார்கள். அவர் விசில் ஊதினால் தோற்ற டீம்கூட முணுமுணுக்காது என்று பேர். விசிலைக் கழுத்தில் மாட்ட மாட்டார். சட்டைப் பையில் கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்திருப்பார், வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத்தான் உள்ளே வைப்பார்.

சத்தம் போட்டு யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. என்னிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அளந்தியா, கண்ணால பாத்தியா?" அளந்தேன் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, தன் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு போய் தானும் ஒரு தடவை அளப்பார். அந்த டேப் அவர் சொந்தக் காசில் வாங்கியது. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத்தான் சுருட்டுவார். ஈரத் தரையில் இறக்க மாட்டார், துருப் பிடித்துவிடுமாம்.

நான் சேர்ந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டே. நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நான் காலால் எட்டு வைத்துக் கோடு போட்டேன். ஒரு பையன் புது ரிக்கார்டு என்று அறிவித்து, மாலை போட்டு, கைதட்டி எல்லாம் ஆகிவிட்டது. சாருக்கு மனசு ஒப்பவில்லை. டேப்பை எடுத்து அளந்தார். மூன்று மீட்டர் குறைந்தது. தலைமை விருந்தினர் மேடையில் உட்கார்ந்திருக்கும்போதே மைக்கை வாங்கி, "தூரம் குறைவா இருந்துச்சு. தப்பு எங்களோடது. ரிக்கார்டு செல்லாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். உன்னோடது என்று அவர் என்னைக் கை காட்டவில்லை. அன்றைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு கயிறு செய்துகொண்டேன். டிப்பார்ட்மென்டில் இருந்த தேங்காய் நார்க் கயிறு முடிச்சு நிற்காமல் நழுவும். ஊருக்குப் போனபோது தறிக்கு வைத்திருந்த பருத்தி நூலை வாங்கி, ஐந்தாறு புரி சேர்த்து முறுக்கி, நாற்பது கஜத்துக்கு மேல் ஒரு கயிறு திரித்தேன். மைதானத்தில் அளக்க வேண்டிய தூரங்களுக்கெல்லாம் பட்டு நூல் கழிவில் முடிச்சு கட்டினேன். பத்து கஜத்துக்கு மஞ்சள், பதினெட்டுக்குப் பச்சை, பெனால்டிப் புள்ளிக்கான பன்னிரண்டு கஜத்துக்குச் சிவப்பு. சார் தன் டேப்பை வைத்து முடிச்சு முடிச்சாகச் சரிபார்த்தார். "நல்லாக் கீது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கு இன்கிரிமென்ட் வந்த மாதிரி.

கோடு போடுவது பார்க்கத்தான் சுலபம். சுண்ணாம்பை டிரம்மில் போட்டு, தண்ணீர் தெளித்து இரண்டு நாள் நீற்றி, ஆறவிட்டு, பழைய புடவைத் துணியில் சலிக்க வேண்டும். நீறாத கட்டி ஒன்று இருந்தாலும் விழுகிற பையன் முழங்காலைச் சுட்டுவிடும். இரண்டு முளை அடித்து நூல் கட்டி, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். கோட்டை மிதித்தால் முதலிலிருந்து. கடைசியாகப் பெனால்டிப் புள்ளி. கோல் கோட்டின் நட்ட நடுவில் கயிற்றின் நுனியை வைத்து, நேராக மைதானத்துக்குள் இழுத்து, சிவப்பு முடிச்சு விழும் இடத்தில் பவுடர் டப்பா மூடியை வைத்து அடையாளம் செய்து சுண்ணாம்பு கொட்டுவேன். அது ஒரு வட்டம், அவ்வளவுதான். வருஷத்தில் பத்துத் தடவைகூட அதில் பந்து வைக்க மாட்டார்கள்.

அந்த மேட்ச் நடந்தது எழுபத்தெட்டிலோ எழுபத்தொன்பதிலோ, ஆவணி மாதம். கல்லூரிகளுக்கான ஃபுட்பால் போட்டியின் முதல் சனி ஞாயிறு. எங்கள் கல்லூரி சேர்ந்ததே அந்த வருஷம்தான். சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆட்டமே போன வருஷத்து சாம்பியனோடு விழுந்தது. மெட்ராஸில் பெரிய கல்லூரி. எங்கள் பிரின்சிபல் ஒரே வருஷத்துக்குத்தான் ஒத்துக்கொண்டிருந்தார். முதல் ரவுண்டில் தோற்றால் அடுத்த வருஷம் டீம் கிடையாது, ஃபுட்பால் பையன்களுக்காக ஹாஸ்டலில் ஒதுக்கிய இடமும் கிடையாது என்று சாரிடம் சொல்லிவிட்டார்.

அப்படி இடம் வாங்கியவர்களில் ஒருவன்தான் எங்கள் கோல்கீப்பர் ஏழுமலை. பெருநகர் என்கிற கிராமத்தைத் தாண்டி, ஊர் ஓரத்துக் குடிசைகளில் ஒன்றிலிருந்து வந்தவன். வீட்டில் எல்லோரும் செங்கல் சூளையிலும் வயலிலும் கூலிக்குப் போகிறவர்கள். அவனும் போனவன்தான். லாரி மேலிருந்து ஒருத்தன் இரண்டு இரண்டு கல்லாக வீசுவான், கீழே நின்று பிடித்து அடுக்க வேண்டும். அந்தக் கையைப் பார்த்துத்தான் சார் அவனை கோலில் நிறுத்தினார். ஹாஸ்டல் போய்விட்டால் அவன் படிப்பும் போச்சு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே கோடு போட்டு முடித்துவிட்டேன். சார் தன் டேப்பால் அளந்து பார்த்துவிட்டார். எல்லாம் சரி. கயிற்றைச் சுருட்டி வைக்க வேண்டியவன், கொடிக்கம்பம் நடுகிற அவசரத்தில் ஏரிக்கரைப் பக்கத்து கோலடியிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டேன். ராத்திரி இடியும் மழையும் கொட்டியது.

விடிந்து போய்ப் பார்த்தால் ரோட்டுப் பக்கத்து கோடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏரிக்கரைப் பக்கம் தண்ணீர் நின்றிருந்தது. கோடுகள் மங்கலாகத் தெரிந்ததால் அதன் மேலேயே மறுபடி போட்டேன். பெனால்டிப் புள்ளி மட்டும் இருந்த இடமே தெரியாமல் கரைந்துபோயிருந்தது. நனைந்து கிடந்த கயிற்றை எடுத்து, சேற்றை உதறி, இழுத்து, சிவப்பு முடிச்சு விழுந்த இடத்தில் புதிதாகப் புள்ளி வைத்தேன்.

ரெஃப்ரியை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சார் தூரத்திலிருந்தே கேட்டார். "அளந்தியா, கண்ணால பாத்தியா?"

"அளந்தேன் சார்."

தரை ஈரமாக இருந்தது. டேப்பை எடுக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்ததும் மைதானம் விதிப்படி இருக்கிறது என்ற தாளில் கையெழுத்துப் போட்டார்.

நூல் நனைந்தால் சுருங்கும். முறுக்கிய நூல் இன்னும் அதிகமாகச் சுருங்கும். தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடுகிற வீட்டில் பிறந்தவன் நான். நனைந்த பாவு எப்படி விறைத்துக்கொண்டு இழுக்கும் என்று ஐந்து வயதிலேயே தெரியும். தெரிந்தும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

மெட்ராஸ் டீம் சொந்த பஸ்ஸில் வந்து இறங்கியது. பதினொரு பேருக்கும் பூட்ஸ். எங்கள் பக்கத்தில் நாலு பேருக்கு கான்வாஸ் ஷூ, மற்றவர்களுக்கு வெறுங்கால். அவர்களுடைய கோச் கோட்டோரம் நின்று தரையை மிதித்துப் பார்த்தார். "இன்னா கிரவுண்டு சார் இது? நாத்து நடலாம் போலக் கீது" என்றார். அவருடைய பையன்கள் சிரித்தார்கள். "அவங்க பூட்ஸ பாத்தியாண்ணா? நம்ம ஆளுங்க கால் மேல ஏறினா பேஜாரு" என்று ஏழுமலை என்னிடம் முணுமுணுத்துவிட்டு கோலுக்குப் போனான்.

ஆனால் அந்த பூட்ஸ்தான் அவர்களைக் கெடுத்தது. எங்கள் மண் களிமண். பூட்ஸ் அடியில் அப்பிக்கொண்டு ஆளுக்கு ஒரு கிலோ கூடிவிட்டது. வெறுங்கால் பையன்கள் வரப்பில் ஓடுகிற மாதிரி ஓடினார்கள். முதல் பாதியில் கோல் இல்லை. ஏழுமலை மட்டும் ஏழெட்டுப் பந்து தடுத்திருப்பான். ரோட்டுப் பக்கத்து கோலுக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் மட்டும் மழைத் தண்ணீர் நின்றிருந்தது. அதில் விழுந்த பந்து நகராது என்று எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது பாதியில் பந்து அதில் போய் விழுந்தது, உருண்டு வரும் என்று அவர்களுடைய பேக் ஆடுகிற பையன் காத்துக்கொண்டு நின்றான். காவாந்தண்டலத்துப் பையன் பாபு பள்ளத்துக்கே போய் எடுத்து உள்ளே அடித்துவிட்டான். கோட்டைத் தாண்டி ஓடிவந்த கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதற்குள் எனக்குக் குரல் போய்விட்டது.

முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. ஏரிக்கரைப் பக்கத்தில் எங்கள் பையன் ஒருவன் கையில் பந்து பட்டது. பெனால்டி. அடிக்க வந்தவன் அவர்களுடைய கேப்டன், மாநில டீமில் ஆடுகிறவன். நான் கோலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பந்தை என் புள்ளியில் வைத்தான். ஏழுமலை கொஞ்ச நேரம் அந்தப் பந்தையே பார்த்தான். ரெஃப்ரி பக்கம் ஒரு தரம் திரும்பினான், ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரி. சொல்லவில்லை. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு குனிந்தான்.

அடி இடி மாதிரி விழுந்தது. வலது பக்கம் தாழ்வாக வந்த பந்தை இரண்டு கையாலும் தடுத்தான். பந்து முன்னால் தெறித்தது, பாய்ந்து அதன் மேல் படுத்துக்கொண்டான். எழுந்தபோது மோதிர விரல் பக்கவாட்டில் மடங்கித் தொங்கியது. அதோடு மீதி நிமிஷங்களை ஆடினான். விசில் ஊதியதும் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரின்சிபல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சந்தோஷம் போயிற்று. மைதானம் விதிப்படி இல்லை, மறு ஆட்டம் வேண்டும் என்று அவர்களுடைய கோச் எழுதிக் கொடுத்துவிட்டார். குறிப்பாக எதையும் சொல்லவில்லை, எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போட்டிக் கமிட்டி அனுப்பும் பார்வையாளர் வந்து ஒவ்வொரு கோடாக அளப்பார் என்று முடிவாயிற்று. ஒன்று தவறினாலும் மறு ஆட்டம். விரல் ஒடிந்த ஏழுமலை அதில் கோலில் நிற்க முடியாது. அவன் இல்லாமல் எத்தனை கோல் விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அளந்துட்டுப் போகட்டும். நம்ம கிரவுண்டு சரியாக் கீது" என்றார் சார்.

எனக்கும் அந்தத் தைரியம்தான். இருந்தாலும் சும்மா இருக்க முடியாதவன் இல்லையா. கொடியில் இழுத்துக் கட்டி வெயிலில் காய்ந்திருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஏரிக்கரைப் பக்கத்துப் புள்ளிக்கு வந்தேன். சிவப்பு முடிச்சு புள்ளியைத் தாண்டிப் போய் விழுந்தது. சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் தாண்டியது. மூன்றாம் தடவை முடிச்சுக்கும் புள்ளிக்கும் நடுவில் சாண் போட்டு அளந்தேன். இருக்க வேண்டிய இடத்தைவிட இரண்டேகால் அடி கோலுக்குக் கிட்ட வைத்திருக்கிறேன். அந்தப் பெனால்டியை ஏழுமலை அவ்வளவு கிட்டத்திலிருந்து பிடித்திருக்கிறான்.

அந்தத் தப்பு எங்களுக்குத்தான் பாதகம், அப்படியும் நாங்கள் ஜெயித்திருக்கிறோம். ஆனால் அளக்க வருகிறவர் அதைப் பார்க்க மாட்டார். தூரம் தப்பு என்றால் தப்பு. சாரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன். இரண்டு தடவையும் தெருமுனையில் திரும்பிவிட்டேன். ரிக்கார்டு செல்லாது என்று மைக்கில் சொன்னவர், இதையும் அவரே எழுதிக் கொடுத்துவிடுவார். ஏழுமலைக்காகத்தான் சொல்லவில்லை என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. பாதி என் வேலைக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் மைதானத்துக்குப் போனேன். தப்பான புள்ளியை மண்வெட்டியால் சுரண்டினேன். ஈரக் களிமண் சுண்ணாம்பைக் குடித்துவிட்டிருந்தது, சுரண்டச் சுரண்ட வெள்ளை வந்தது. பள்ளம் விழுந்துவிட்டது. வேறு இடத்து மண்ணைக் கொண்டுவந்து அடைத்து மிதித்தேன். காய்ந்த கயிற்றை வைத்துச் சரியான இடத்தில் புதுப் புள்ளி போட்டேன். பழைய இடத்தில் கையளவுக்கு ஒரு வெளுத்த திட்டு தெரிந்துகொண்டே இருந்தது. தேடுகிறவன் கண்ணில் கட்டாயம் படும்.

பார்வையாளர் வயதானவர், பொறுமையான மனுஷர். கோச்சும் கூடவே வந்தார். சார் தன் டேப்பை அவரிடம் கொடுத்தார். ரோட்டுப் பக்கம் எல்லாம் சரி. ஏரிக்கரைப் பக்கம் வந்தார்கள். நான் டேப்பின் நுனியைக் கோல் கோட்டில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சார் முன்னால் நடந்து போனார். புள்ளிக்கு இரண்டு அடி முன்னால் ஒரு விநாடி நின்றார். தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அவருடைய வலது ஷூ அந்தத் திட்டின் மேல் இருந்தது. பார்வையாளர் டேப்பைப் புள்ளி வரைக்கும் நீட்டி, கண்ணாடியை ஏற்றிப் படித்து, "பன்னெண்டு கஜம். கரெக்ட்" என்றார். கோச் குனிந்து பார்த்தார். "இங்க ஏதோ புது மண்ணு மாதிரி கீதே" என்றார்.

"மழையில பள்ளம் வுழுந்துச்சு. ஆளை வுட்டு அடைக்கச் சொன்னேன்" என்றார் சார்.

கால் நகரவில்லை. சார் பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. கோச் மேலே கேட்கவில்லை, தேவசகாயம் சார் சொன்னால் கேட்க என்ன இருக்கிறது? பார்வையாளர் மற்ற கோடுகளையும் அளந்துவிட்டு, புகார் தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போன பிறகுதான் காலை எடுத்தார். ஷூவின் அடியில் வெள்ளை ஒட்டியிருந்தது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அடித்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "இனிமே இதுலயே அள" என்றார். துடைக்காமல் கொடுத்தார்.

டீம் இரண்டாவது ரவுண்டில் தோற்றது. ஆனால் ஹாஸ்டல் தப்பியது. ஏழுமலைக்கு விரல் கூடி, அடுத்த வருஷம் பல்கலைக்கழக டீமில் இடம் கிடைத்தது. அங்கிருந்து ரயில்வேயில் வேலை. எனக்கும் வேலை நிரந்தரமாயிற்று.

சார் அந்த மாதமே ரெஃப்ரி சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இனி விசில் ஊத வருவதில்லை என்று. எவ்வளவோ பேர் வந்து கேட்டார்கள். "காலு சரியில்லப்பா, ஓட முடியல" என்று எல்லோரிடமும் சொன்னார். என்னிடமும் அதையேதான் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கால் எங்களோடு மைதானத்தில் தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறவர், வீட்டு வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு அந்த வழியாகப் போனேன். அப்புறம் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். ரிட்டயர் ஆகி வாலாஜாபாத் போய், இருபது வருஷத்துக்கு மேல் இருந்து கண்ணை மூடினார். அதுவரைக்கும் பொங்கலுக்குப் பார்த்துவிட்டு வருவேன். மழை, விளைச்சல், பஸ் என்று பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

மலருக்கு எழுத உட்கார்ந்தபோது ஒன்று உறுத்தியது. ஏழுமலை பிடித்த பெனால்டியின் உண்மையான தூரம் அவனுக்கே தெரியாது. அவன் நினைத்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய காரியம் செய்தவன். அதை அவனிடம் சொல்லாமல் பேப்பரில் எழுதுவது முறை இல்லை. போன வாரம் பெருநகர் பஸ் ஏறினேன். ரிட்டயர் ஆகி ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். மோதிர விரல் இன்னும் கோணல்தான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தேன்.

"ஏழுமல, அன்னிக்கு அந்தப் பெனால்டிப் புள்ளி..."

"கிட்ட இருந்துச்சே, அதானே?" என்றான்.

எனக்கு டீ புரை ஏறிவிட்டது.

"தெரியுமா ஒனுக்கு?"

"இன்னாண்ணா நீ. தெனம் அதே கோல்ல நிக்கிறேன். பந்த வெச்சப்பவே தெரிஞ்சிது, ரெண்டடிக்குக் கொறையாம கிட்ட கீதுன்னு."

"அப்ப ரெஃப்ரி கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அப்பறம் ஒரு ரோசன. கோல் வுழுந்துச்சுன்னா சொல்லிக்கலாம், அளந்து பாருங்க சார்னு. மறுபடி அடிக்க வெப்பாங்க இல்ல? புடிச்சிட்டேன். அப்பறம் இன்னாத்துக்கு சொல்லிக்கினு?" சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஒன் வேல போயிடும்னு ஒனுக்கும் சேத்துதான் கம்முனு இருந்தேன்னு சொன்னா நம்புவியா?"

"நம்ப மாட்டேன்."

"நம்பாத. அதெல்லாம் அப்ப தோணவே இல்ல."

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் நான் உருண்டு புரண்டது இவனுக்கு ஒரு தமாஷ். அந்தக் கோபத்தில்தான் கேட்டேன்.

"சார் ஏன் விசில விட்டாருன்னு தெரியுமா?"

"காலு வலின்னு சொல்லுவாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததைச் சொன்னேன். சுரண்டியது, வெளுத்த திட்டு, அவர் கால், அவர் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது கோணல் விரலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கையத் தூக்கியிருந்தா பந்த ரெண்டடி தள்ளி வெச்சிருப்பாங்க. ரெண்டு நிமிஷ வேல" என்றான். "யாரும் எதையும் மறைக்க வேண்டி வந்திருக்காது."

"நானும் அன்னிக்கு ராத்திரியே போய் சொல்லியிருக்கலாம்."

அவன் டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். "நானும் பொங்கலுக்குப் பொங்கல் சாரைப் பாக்கப் போவேண்ணா" என்றான். "போறப்போல்லாம் அந்தப் பெனால்டியப் பத்திக் கேப்பாரு. எப்பிட்றா புடிச்சே, சொல்லுன்னு. பந்து எங்க இருந்துச்சு, எப்பிடி வந்துச்சு, ஒண்ணு ஒண்ணாக் கேப்பாரு. வயசாயிட்ச்சு, அதான் சொன்னதையே கேக்கறாருன்னு நெனச்சேன். புடிச்சேன் சார், அவ்ளோதான்னு சொல்லிட்டு வந்துடுவேன். கிட்ட இருந்துச்சு சார்னு ஒரு பொங்கலுக்குக் கூட நான் சொல்லலண்ணா."

என்னிடம் அவர் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நானாகச் சொல்வேன் என்று இருந்திருப்பார்.